மழைப்பாளையத்தின் தென்கிழக்கு மூலை

வடவள்ளி, கோயம்புத்தூர்
12 ஜூன் 2025

அன்புள்ள பொற்கொடி டீச்சருக்கு,

நீங்களும் இனியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர நீங்கள் வேறு வழி வைக்கவில்லை. போன் செய்தால் மணி முழுதாக அடித்து ஓய்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சத்தியமங்கலத்துக்குத் தபால்காரர் இன்னும் வருகிறார் அல்லவா என்று கவர் வாங்கப் போனேன். தபால் ஆபீஸில் இருந்த பெண், "ஏனுங்கம்மா, லெட்டருங்களா? கையில எழுதப்போறீங்களா?" என்று கேட்டு, பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினாள்.

மழைப்பாளையம் குழுவில் "பொற்கொடி வெளியேறினார்" என்று ஒரு வரி வந்ததே, அதை நான் முதலில் நம்பவில்லை. கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். திரும்பச் சேர்த்தேன். திரும்பவும் வெளியேறினீர்கள். இரண்டு முறை கை படாது.

மழைப்பாளையம் உங்களுடையது, டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு வரைபட அளவுகோல் புரிய வேண்டும் என்று, சாப்பாட்டு மணிக்குப் பிறகு சார்ட் தாளை மேஜைமேல் விரித்து நாம் இருவரும் வரைந்த இல்லாத ஊர் அது. நான் மேடு பள்ளமும் காற்றடிக்கும் திசையும் போட்டேன். நீங்கள் தூரங்களைக் கணக்கிட்டீர்கள். மழை மறைவு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மழைப்பாளையம் என்று பேர் வைத்ததும் நீங்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தாளைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, "இந்த ஊரைக் கட்ட வாருங்கள், யார் வேண்டுமானாலும் ஒரு தெரு சேர்க்கலாம்" என்று நான் எழுதியபோது, பத்துப் பேர் வந்தால் அதிகம் என்றீர்கள். இன்றைக்குச் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒருவர் யோசனை சொல்கிறார், மற்றவர்கள் விருப்பம் தெரிவிக்கிறார்கள், யாரும் மறுக்கவில்லை என்றால் நான் பச்சை மையில் வரைந்துவிடுகிறேன். வகுப்பறை மாதிரிதான், மணி மட்டும் அடிப்பதில்லை.

நீங்கள் போன பிறகு நடந்தவை: பவானியிலிருந்து ஓர் அம்மா ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டார், போட்டாயிற்று. டொரண்டோவில் இருக்கும் கோபிக்காரர் மெட்ரோ ரயில் கேட்டார், "முதலில் டவுன் பஸ் ஓடட்டும்" என்றேன். பல்லடம் பிரவின்குமார் வழக்கம்போல பேக்கரி கேட்டார். "ஏனுங்க டீச்சர், கோர்ட்டு வெச்சிருக்கீங்க, கோளரங்கம் வெச்சிருக்கீங்க. நாலு பேரு நின்னு டீ குடிக்க ஒரு பேக்கரி இல்லாம அது என்ன ஊருங்க?" என்கிறார். மூலைக்கு மூலை பேக்கரி வைத்தால் அது மழைப்பாளையம் ஆகாது, கோயம்புத்தூர் ஆகிவிடும் என்று மறுத்திருக்கிறேன். நீங்கள் இருக்கும்போதே போன மாதம் நூலகத்துக்கு மாடி வந்தது, தென்கிழக்கே ரயில் பாதைக்கு அப்பால் இரண்டாவது மயானம் வந்தது, மீன் சந்தை இடம் மாறியது.

என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. உங்கள் ஆற்று வளைவை நிமிர்த்தினேனே, அதுவா? வெள்ளம் வந்தால் சந்தை முழுகும் என்பதால்தான் செய்தேன். வேண்டுமானால் வளைத்துவிடுகிறேன்.

ஆகஸ்டில் ஈரோட்டில் ஒரு கண்காட்சியில் நமக்கு முழுச் சுவர் தருகிறார்கள். அடியில் "முதல் வரைபடம்: பொற்கொடி, சாந்தாமணி" என்று போடப்போகிறேன். அகரவரிசைப்படி என் பேர்தான் முன்னால் வர வேண்டும். உங்களுக்காக அகரவரிசையைக் கொஞ்சம் மறந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
சாந்தாமணி



சத்தியமங்கலம்
17 ஜூன் 2025

சாந்தாமணி டீச்சர்,

கடிதம் வந்தது. முழங்கால் பரவாயில்லை. இனியா பாங்க் வேலைக்குப் போய் வருகிறாள். ஆற்று வளைவில் கோபமில்லை, நிமிர்த்தியதும் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர், சுற்றி வளைத்து எழுத வராது. வரைபடத்தின் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள். ஊரில் இப்போது மயானம் இரண்டு இருக்கிறது. ஒன்று ஆற்றங்கரையில், பூவரச மரத்தடியில், நான் வரைந்தது. இன்னொன்று ரயில் பாதைக்கு அப்பால், குழுவில் யாரோ சொல்லி நீங்கள் பச்சை மையில் போட்டது. மீன் சந்தைக்கும் நூலக மாடிக்கும் நடுவில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், அதே அதுதான்.

ஓர் ஊருக்கு ஏன் இரண்டு?

விடை தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் யோசித்து எழுதுங்கள். அதுவரை என் பேரைச் சுவரில் போட வேண்டாம், முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

பொற்கொடி

பேக்கரி கேட்கிறவர் பேச்சில் நியாயம் இருக்கிறது.



வடவள்ளி
22 ஜூன் 2025

அன்புள்ள பொற்கொடி டீச்சருக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது. இன்னும் அந்த ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறீர்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு, சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சிரித்தேன். மயானமா, இதற்காகவா என்று. உடனே பதிலும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டு லிப்ட் இல்லையா, ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டாமா, ஊர் தெற்கே வளர்ந்தால் அங்கிருப்பவர்கள் ஆறு வரைக்கும் நடக்க வேண்டுமா என்று மூன்று உதாரணம் எழுதினேன். நான்காவதுக்குப் போகும்போது "யோசித்து எழுதுங்கள்" என்ற உங்கள் வரி குறுக்கே வந்தது. பேனாவை மூடினேன்.

அதைச் சேர்க்கச் சொன்னவர் காங்கயம் பக்கத்துக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், தெருவிளக்கெல்லாம் அவர்தான் போட்டார். ஏன் இரண்டு என்று அவரையே கேட்டேன். "எங்கூர்ல ரெண்டு இருக்குதுங்க டீச்சர். அதனால இங்கியும் ரெண்டுங்க. ஒண்ணு ஊருக்கு, இன்னொண்ணு" என்று எழுதி, அதற்கு மேல் வெறும் புள்ளிகளாக வைத்திருந்தார்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது யாருக்கு என்று உங்களுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கிறது. எனக்கு லிப்ட் ஞாபகம் வந்திருக்கிறது. இல்லாத ஊரில்கூட உங்கள் சனத்தை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்து, அதைப் பச்சை மையில் போட்டுத் தந்திருக்கிறேன்.

இனி நானாக எதையும் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தேன். எல்லாரும் சேர்ந்து கட்டுகிற ஊர், எல்லாரும் சேர்ந்தே திருத்தட்டும். "மழைப்பாளையத்துக்கு மயானம் ஒன்றா, இரண்டா?" என்று குழுவில் ஓட்டுக்கு விட்டிருக்கிறேன். ஒரு வாரம் திறந்திருக்கும். நம் ஆட்கள் நல்லவர்கள், டீச்சர். "ஒன்று"தான் ஜெயிக்கும், பாருங்கள். அப்போது நீங்கள் திரும்ப வந்துதான் ஆக வேண்டும்.

இத்துடன் கூரியரில் மாங்காய் ஊறுகாய் வருகிறது. உடைந்திருந்தால் எழுதுங்கள்.

உங்கள்
சாந்தாமணி



சத்தியமங்கலம்
27 ஜூன் 2025

சாந்தாமணி டீச்சர்,

பாட்டில் உடையவில்லை.

ஓட்டெடுப்பை இனியா தன் போனில் காட்டினாள். காட்டிவிட்டு, "விடும்மா" என்று போனை வாங்கிக்கொண்டாள். "இரண்டு" முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "அவங்கவங்களுக்கு அவங்கவங்க எடம் இருந்தா சண்டை வராதுங்களே." மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு "ங்க" போட்டு எழுதியிருக்கிறார்.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டா, பதின்மூன்றா என்று நான் என் வகுப்பில் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? பூங்காவுக்கு ஓட்டு விடுங்கள், மெட்ரோவுக்கு விடுங்கள், பேக்கரிக்கு விடுங்கள். நான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஊராரிடம் ஓட்டுக்கு விட்டிருக்கிறீர்கள். "ஒன்று" ஜெயித்தால் நான் நன்றி சொல்ல வேண்டுமா?

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா அங்கப்பன் இறந்தது ஓர் ஐப்பசியில். நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், மாலை போட்டீர்கள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று போனீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. எங்கள் சுடுகாட்டுக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பாலம் கிடையாது. மழையில் தண்ணீர் மார்பு வரை போகிறது. என் தம்பியும் சித்தப்பாக்களும் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, மாலை மட்டும் தண்ணீரில் விழுந்து போனது. நீங்கள் போட்ட மாலையும் அதில் இருந்தது. நான் கரையில் நின்றேன். அழுகை வரவில்லை. பாலத்துக்கு எத்தனை அடி நீளம் வேண்டும், எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம்தான் மழைப்பாளையம் தாளை விரித்தோம். நான் முதலில் வரைந்தது மயானம். ஊர் நடுவிலிருந்து அதற்கு நேராக ஒரு தார் ரோடு, வழியில் வாய்க்காலும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. "ஒண்ணு போதுங்களா டீச்சர்?" என்று கேட்டீர்கள். "சாகறவங்க வரிசையில வரட்டுங்க" என்றேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம். நீங்கள் சிரித்தது வேறு, நான் சிரித்தது வேறு என்று அன்றைக்கே தெரியும். ஆனாலும் சேர்ந்து சிரித்தோமே என்றுதான் இத்தனை வருடம் அந்த ஊரில் குடியிருந்தேன். தெருப்பேர் சொல்ல யோசிக்காமல் நான் இருந்த ஒரே ஊர் அது.

கோபமாக எழுதுகிறேன். யார்மேல் எனக்குக் கோபப்படத் தோன்றவில்லையோ அவர்களுக்கு நான் தபால்தலை ஒட்டுவதில்லை.

ஊறுகாயில் உப்பு அதிகம். தீர்ந்துவிட்டது.

பொற்கொடி



வடவள்ளி
10 ஜூலை 2025

அன்புள்ள பொற்கொடி,

டீச்சர் என்று போடாமல் எழுதியிருக்கிறேன். தப்பென்றால் அடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஓட்டெடுப்பை மூடிவிட்டேன். எது ஜெயித்தது என்று பார்க்கவில்லை. பதில் எழுதத் தாளை எடுத்தேன். அதற்குள் சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அண்ணன் பாலுசாமி போன் செய்தார், எங்கள் அத்தை நாச்சியம்மாள் தவறிவிட்டார்கள் என்று. போனேன். எல்லாம் நன்றாக நடந்தது. மயானம் வரை சிமெண்ட் ரோடு, மேலே தகரக் கூரை, கை கால் கழுவக் குழாய், உட்காரப் பெஞ்சு. எத்தனையோ முறை பார்த்த இடம்தான். இந்த முறை குழாயைத் திறந்து தண்ணீர் கையில் விழுந்தபோது உங்கள் அப்பாவின் மாலை ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் அண்ணனிடம் கேட்டேன், "ஏனுங்கண்ணா, அந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சுடுகாடு எங்கிருக்குதுங்க?"

"எந்தப் பக்கம் அம்மணி?"

"காலனிக்காரங்களுக்குங்க."

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எதுக்கு கண்ணு அது?"

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆப்பிரிக்காவின் ஆறுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நான் பிறந்த ஊரில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டு நடந்தேன். தென்னந்தோப்பு வரைக்கும் ரோடு, பிறகு வண்டித் தடம், பிறகு வரப்பு, பிறகு வாய்க்கால். எதிர்க்கரையில் சீமைக் கருவேலத்துக்கு நடுவில் சில மண்மேடுகள் தெரிந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. திரும்பிவிட்டேன். உங்கள் ஊரில் நடந்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள், எங்கள் ஊரில் நடப்பதை எழுத யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரில் அண்ணன் சொன்னால் கேட்பார்கள், அவரிடம் பாலம் பற்றிச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" எப்படிப்பட்டது என்று நம் இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன். ஓட்டுக்கு விட்டது என் தவறு, மழைப்பாளையத்துக்கு மயானம் ஒன்றுதான், இது யோசனை இல்லை, இந்த ஊரின் அஸ்திவாரம் என்று எழுதினேன். இனி எதைச் சேர்க்கச் சொன்னாலும், அங்கே யார் போக முடியாமல் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். சண்டை நடந்தது. "விளையாட்டில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேர் போனார்கள். அண்ணனுக்கு யாரோ அதை அனுப்பியிருக்கிறார்கள். "காயிதத்துல இருக்கற ஊருக்கு எதுக்கு அம்மணி இத்தனை வம்பு? நம்ம சனமெல்லாம் பாக்குது" என்றார். "காயிதத்துல இருக்கற ஊர்லயே முடியலீன்னா அப்பறம் எங்கீங்கண்ணா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இன்னும் பேசவில்லை.

காங்கயத்துக்காரர் மட்டும் தனியாக எழுதினார். "எழுதும்போது நான் ஒண்ணும் நெனைக்கலீங்க டீச்சர். கை தானா எழுதிருச்சுங்க." நான் அவருக்கு எழுதினேன், என் கையும் அப்படித்தான் பச்சை மை தொட்டது என்று.

அந்த இடத்தைப் பிளேடால் சுரண்டினேன். மை போகவில்லை, தாள்தான் மெலிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதில் ஓட்டை விழுந்துவிட்டது. இப்போது மழைப்பாளையத்தின் தென்கிழக்கு மூலையில், ரயில் பாதைக்கு அப்பால், என் சுண்டு விரல் போகிற அளவுக்கு ஒன்றுமில்லை. அங்கே என்ன வர வேண்டும் என்று குழுவில் நிறையப் பேர் கேட்கிறார்கள். பூங்கா என்கிறார்கள், நினைவுத்தூண் என்கிறார்கள். யாருக்கும் நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் வெளியே போயிருக்கிறார்.

கண்காட்சிக்காரர்களிடம் நம் சுவரை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். உங்கள் பேர் இல்லாமல் அந்த வரைபடம் தொங்காது. அதை மட்டும் முடிவு செய்துவிட்டேன்.

சாந்தாமணி



சத்தியமங்கலம்
15 ஜூலை 2025

அன்புள்ள சாந்தா டீச்சருக்கு,

நீங்கள் டீச்சரை விட்டுவிட்டீர்கள், சரி. எனக்கு வாய் வரவில்லை. பேரைப் பாதியாகச் சுருக்கியிருக்கிறேன், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை இனியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உன் சிநேகிதி வாய்க்கா வரைக்கும் நடந்தே போயிருக்காங்க" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய பாட்டிலைக் கழுவித் துடைத்து, "ரெண்டாவது பாட்டில் கேளும்மா, உப்பக் கொறைக்கச் சொல்லு" என்றாள்.

உங்கள் கடிதத்தில் ஒரு குறை இருக்கிறது. வாய்க்காலின் அகலத்தை எழுதவில்லை. புவியியல் டீச்சர்கள் எல்லாரும் இப்படித்தான், தென்னந்தோப்பு, கருவேலம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதுவீர்கள், அளவு இருக்காது. அடுத்த முறை போகும்போது நானும் வருகிறேன். டேப் எடுத்துக்கொள்வோம். கரையிலிருந்து கரைக்கு எத்தனை அடி, தண்ணீர் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி, எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டு, அந்தக் காலனிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் அண்ணன் முன்னால் வைப்போம். வெறும் வாயால் கேட்டால் "பாக்கலாம்" என்பார். அளவோடு கேட்டால் குறைந்தபட்சம் கண்ணாடியையாவது எடுத்து மாட்டுவார். அவர் பேசாமல் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நானும் ஒரு மாதம் பேசாமல்தான் இருந்தேன்.

என் அப்பா விஷயம் எழுதிய பிறகு ஏன் எழுதினேன் என்று இருந்தது. நீங்கள் ஆறுதல் சொல்லாமல் விட்டது நன்றாக இருந்தது.

கண்காட்சிச் சுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அந்த ஓட்டையை மூடவும் வேண்டாம் என்று முதலில் நினைத்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று. பிறகு யோசித்தேன், சுவரில் தொங்குகிற தாள், காற்றடித்தால் அங்கிருந்து கிழியும். பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒட்டியது வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பூங்கா வேண்டாம், பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவார்கள். தூண் வேண்டவே வேண்டாம். பல்லடத்துக்காரருக்குச் சொல்லுங்கள், அவர் பேக்கரியை அங்கே வைக்கலாம். சுடுகாடு இருந்த இடத்தில் பேக்கரியா என்று யாராவது முகம் சுளித்தால், அங்கே இன்னும் ஒருவரும் சாகவில்லை, பச்சை மை மட்டும்தான் செத்தது என்று சொல்லுங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல டீ கிடைத்தால் ஊர் முழுவதும் பாதையைத் தாண்டி அங்கே வரும். வர வேண்டும். லெவல் கிராசிங் போடாதீர்கள், மேம்பாலம் போடுங்கள். நீளத்தை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.

உங்கள் விதிப்படி, அங்கே யார் போக முடியாமல் இருப்பார்கள் என்றும் எழுத வேண்டுமே. எழுதுகிறேன்: படியேற முடியாத முழங்கால்காரர்கள். அதனால் மேம்பாலத்துக்குச் சாய்வுப் பாதையும் வேண்டும்.

பேரைப் பற்றி. என் பேரை முன்னால் போட வேண்டாம். உங்கள் பேருக்குக் கீழேயும் போட வேண்டாம். ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில், அகரவரிசைப்படி போடுங்கள். வரிசையை மறக்கிற டீச்சரோடு என்னால் வேலை செய்ய முடியாது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வாரேன். மத்தியானத்துக்குள் தாளை விரித்து வையுங்கள். நீல மையும் வேண்டும், அந்த ஆற்றை மறுபடியும் கொஞ்சம் வளைக்கப்போகிறேன்.

உங்கள்
பொற்கொடி

மறந்துபோனது: பேக்கரியில் டீ கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். கழுவி, ஒரே தட்டில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.